கருப்பை வாய்ச் சோதனை: யாருக்கு, எந்த வயதில்?

(கோலசிலாங்கூர், சபாக் பெர்ணம் வட்டாரத் தோட்டங்களில் நடைபெற்ற மாதர் சந்திப்புகளில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



விடியுமுன் பெரட்டுக்கு நின்று, நிரையேறி மரம் சீவி, பாலெடுத்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, வீட்டில் உலை வைத்து இறக்கிய பின்னரே நீங்கள் இங்கு வந்து அமர்ந்திருக்கிறீர்கள் என்பதை நாம் அறிவோம். ஆதலால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம். பின்னால் சுவரோரம் நிற்கும் ஆண்கள் எழுந்து போக வேண்டியதில்லை. மருத்துவமனைக்குப் போக மோட்டார் சைக்கிளை எடுப்பவரும், "இன்றைக்கு வேலைக்குப் போகாவிட்டால் பரவாயில்லை" என்று சொல்லக்கூடியவரும் பெரும்பாலும் நீங்கள்தாம். நீங்களும் கேட்க வேண்டிய செய்தி இது.

சில காலத்துக்கு முன் இவ்வட்டாரத் தோட்டமொன்றில் நாம் பேசி முடித்தபோது, ஒரு தாய் தம் மகளைக் கையோடு அழைத்து வந்து நம் முன் நிறுத்தினார். மகளுக்கு வயது 19. மணமாகி நான்கு மாதங்களே ஆகியிருந்தன. "மிஸி, இவளுக்கு அந்தக் கருப்பைச் சோதனையைச் செய்துவிடுங்கள். பக்கத்து லயத்தில் ஒருத்தி அந்த நோயால் போய்ச் சேர்ந்தாள். என் பிள்ளைக்கு அப்படி எதுவும் வந்துவிடக் கூடாது. முன்கூட்டியே பார்த்துவிட்டால் நல்லதுதானே?" என்று கேட்டார். அப்பெண் தலைகுனிந்து நின்றாள். அவளைக் கேட்டு அழைத்து வந்ததாகத் தோன்றவில்லை.

இதே கேள்வியைப் புக்கிட் ரோத்தான் பக்கத்திலும் கேட்டார்கள். ஈஜோக்கிலும், பத்தாங் பெர்ஜுந்தை என்று பழையவர்கள் இன்றும் சொல்லும் பெஸ்தாரி ஜெயாவிலும், தஞ்சோங் காராங்கிலும் கேட்டார்கள். கேட்பவர் எப்போதும் தாய்தான். யாருக்காகக் கேட்கிறார் என்றால், எப்போதும் மகளுக்காகத்தான். தமக்காகக் கேட்ட தாய்மார் மிகச் சிலரே. இன்றைய உரை முழுவதும் அந்தத் தாய்க்கு நாம் கூறிய விடையின் விரிவு என்றே கொள்ளுங்கள்.

முதலில் நோயைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம். கருப்பையின் அடிப்பகுதி குறுகி, பிறப்புறுப்பின் உட்பகுதியில் வந்து முடியும் இடத்தைக் கருப்பை வாய் என்கிறோம். பிள்ளை பிறக்கும்போது திறந்து வழிவிடுவது அதுவே. அவ்விடத்தில் தோன்றும் புற்றுநோய்க்கு எச்.பி.வி. என்னும் ஒரு நச்சுக்கிருமியே காரணம். 1983-ஆம் ஆண்டில் ஜெர்மனியைச் சேர்ந்த ஹரால்ட் சூர் ஹவுசன் என்னும் அறிஞர் இந்நோய்க் கட்டியினுள் அக்கிருமியின் ஒரு வகையைக் கண்டறிந்தார். அதற்காக 2008-இல் அவருக்கு நோபெல் பரிசு வழங்கப்பெற்றது. இக்கிருமி தாம்பத்திய உறவின் வழியே ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுகிறது. இதைக் கேட்டவுடன் சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வதுண்டு. அவ்வாறு செய்ய வேண்டுவதில்லை. உலகில் தாம்பத்திய வாழ்வு நடத்தும் ஆண்களிலும் பெண்களிலும் பெரும்பாலோரை வாழ்நாளில் ஒருமுறையேனும் தொட்டுச் செல்லும் கிருமி இது. சளி பிடிப்பதைப் போன்றே மிகவும் சாதாரணமானது.

சளியைப் போலவே பெரும்பாலும் தானே போய்விடவும் செய்கிறது. பத்துப் பேரை இக்கிருமி தொற்றினால், ஏறத்தாழ ஒன்பது பேரின் உடல் இரண்டு ஆண்டுகளுக்குள் அதனைத் தானாகவே விரட்டிவிடுகிறது. எஞ்சிய சிலரிடத்தில் மட்டும் அது தங்கிவிடுகிறது. அவ்வாறு தங்கி, கருப்பை வாயின் மேல்தோலைச் சிறிது சிறிதாக மாற்றிப் புற்றுநோயாக்குவதற்கு வழக்கமாக 15 முதல் 20 ஆண்டுகள் பிடிக்கின்றன. இந்நீண்ட கால இடைவெளிதான் நமக்குக் கிடைத்துள்ள பெரும் வாய்ப்பு. நோயாக மாறுவதற்கு முன்பே கண்டுபிடித்து அகற்றிவிடலாம். மற்றப் பல புற்றுநோய்களில் இவ்வாய்ப்பு இல்லை.

எனவே சோதனை என்பது இரண்டு வகை. ஒன்று, கருப்பை வாயிலிருந்து சிறிதளவு தோல் அணுக்களை வழித்தெடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்ப்பது. கிரேக்க நாட்டில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய பாப்பனிக்கொலாவ் என்னும் மருத்துவ அறிஞரின் பெயரால் அதனைப் பேப் ஸ்மியர் என்கின்றனர். மற்றொன்று, அக்கிருமியே அங்கிருக்கிறதா எனத் தேடிப் பார்ப்பது. இதுவே எச்.பி.வி. சோதனை.

நம் நாட்டில் பேப் ஸ்மியர் சோதனை 1960-களின் இறுதியிலேயே, குடும்பக் கட்டுப்பாட்டுக்காக வரும் பெண்களுக்குச் செய்யத் தொடங்கப்பெற்றது. 1998-இல் அது 20 முதல் 65 வயது வரையுள்ள பெண்களுக்கு என விரிவாக்கப்பட்டது. "இருபது வயதிலேயே பார்க்கச் சொன்னார்களே!" என்று உங்களில் மூத்தவர்கள் சொன்னால், அது பொய்யன்று. அப்போது அவ்வாறுதான் சொல்லப்பட்டது. 2019 முதல் சுகாதார அமைச்சு படிப்படியாக எச்.பி.வி. சோதனையைக் கொண்டுவந்தது. அச்சோதனை 30 முதல் 65 வயது வரையுள்ள பெண்களுக்கு, ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை என வகுக்கப்பட்டது. உலகச் சுகாதார நிறுவனமும் பொதுவாகப் பெண்களுக்கு 30 வயதிலிருந்தே தொடங்கச் சொல்கிறது.

விதி மாறினால் மக்களுக்கு ஐயம் எழுவது இயல்பு. "அரசாங்கத்துக்குச் செலவு மிச்சம், அதனால்தான் வயதை ஏற்றிவிட்டார்கள்" என்று ஒரு பெரியவர் நம்மிடமே கூறினார். செலவு ஒரு பக்கம் இருக்கட்டும். வயதை உயர்த்தியதற்கு உண்மைக் காரணம் வேறு. அதனை உங்கள் தொழிலைக் கொண்டே விளக்கலாம் என்று எண்ணுகிறோம்.

ஒரு ரப்பர்க் கன்றை நட்டு ஐந்தாறு ஆண்டுகள் ஆகின்றன. பக்கத்துத் தோட்டத்தில் பால் இறங்குகிறது, நம் மரமும் பார்ப்பதற்கு நன்றாகத்தான் வளர்ந்திருக்கிறது. எனினும் அதில் உளியை வைக்கிறோமா? இல்லை. நெஞ்சளவு உயரத்தில் நாடாவைச் சுற்றி, சுற்றளவு 45 முதல் 50 சென்டிமீட்டர் வந்த பின்னரே வெட்டத் தொடங்குகிறோம். இளமரத்தில் வெட்டினால் கிடைப்பது சொற்பப் பால். இழப்பதோ மரத்தின் வளர்ச்சி. உளி சற்று ஆழமாக இறங்கி மரத்தில் காயம்பட்டுவிட்டால், அவ்விடத்தில் பட்டை மீண்டும் சீராக வளர்வதில்லை என்பதை நாம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த முடிச்சுகளை நீங்களே நாள்தோறும் தடவிப் பார்க்கிறீர்கள்.

பெண்ணை மரத்தோடு ஒப்பிட்டதாகக் கோபித்துக்கொள்ளாதீர்கள். நாம் சொல்ல வந்தது அக்காயத்தைப் பற்றித்தான். மணமான புதிதில் ஓர் இளம்பெண்ணுக்குச் சோதனை செய்தால் கிருமி இருப்பதாகத் தெரிவதற்கு வாய்ப்பு மிகுதி. ஏனெனில் அவ்வயதில்தான் அது மிகுதியாகத் தொற்றுகிறது. ஆனால் அவளுடைய உடல் அதனை அடுத்த ஓரிரு ஆண்டுகளில் தானே விரட்டிவிடும். கருப்பை வாயின் தோலில் சிறிது மாற்றம் தெரிந்தாலும் அவ்வாறே. நடுத்தர அளவிலான மாற்றம் கண்ட பெண்களைச் சிகிச்சையின்றிக் கவனித்து வந்த பல ஆய்வுகளைத் திரட்டி 2018-இல் ஓர் அறிக்கை வெளிவந்தது. இரண்டு ஆண்டுகளில் அவர்களில் பாதிப் பேருக்கு அம்மாற்றம் தானாகவே மறைந்திருந்தது. 30 வயதுக்கு உட்பட்டவர்களில் அது 100-க்கு 60 பேர்.

இது ஒருபுறமிருக்க, சோதனைச் சாலைத் தாளில் "மாற்றம் உள்ளது" என்று எழுதி வந்துவிட்டால், எந்தத் தாயால் அமைதியாக இருக்க முடியும்? "வெட்டி எடுத்துவிடுங்கள்" என்பார். மருத்துவர் கருப்பை வாயின் ஒரு பகுதியைக் கம்பி வளையத்தாலோ கத்தியாலோ அகற்ற நேரிடும். முப்பத்தைந்து வயதில், தேவையிருந்து செய்தால் அது உயிர்காக்கும் சிகிச்சை. இன்னும் பிள்ளை பெறாத 19 வயதுப் பெண்ணுக்குத் தேவையின்றிச் செய்தால் வேறு விளைவு உண்டு. கருப்பை வாயே வயிற்றுப் பிள்ளையைத் தாங்கி மூடி நிற்கும் கதவு. அதன் பகுதியை அகற்றிய பெண்களுக்குக் குறைமாதத்தில் பிள்ளை பிறக்கும் அபாயம் கூடுகிறது. எவ்வளவு ஆழமாக எடுக்கிறார்களோ அவ்வளவுக்கு அபாயமும் கூடும். தானே மறைந்துவிடக்கூடிய ஒன்றுக்காகப் பேரப்பிள்ளையை ஏழாம் மாதத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்க்கும் நிலை ஏற்பட வேண்டுமா?

இன்னொரு காயத்தைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். மருத்துவ நூல்களில் அது பெரிதாக எழுதப்படுவதில்லை. ஆனால் லயத்தில் வாழ்பவர்களுக்கு நன்கு விளங்கும். புதுமணப் பெண்ணின் கையில் "கிருமி உள்ளது" என்று ஒரு தாள் வருகிறது. அது உறவின் வழி தொற்றும் கிருமி என்பது மாமியாருக்குத் தெரிகிறது. பிறகு அவ்வீட்டில் என்ன நடக்கும்? சுவர் ஒன்றாக இருக்கும் வீடுகளில் அச்செய்தி எத்தனை நாள் அடங்கியிருக்கும்? யாரிடமிருந்து யாருக்கு வந்தது, எப்போது வந்தது என்பதை எந்தச் சோதனையாலும் சொல்ல முடியாது. பல ஆண்டுகள் சத்தமின்றித் தங்கியிருந்து பின்னர் வெளிப்படுவதும் உண்டு. கணவனிடமிருந்தே வந்திருக்கலாம். ஆயினும் பழி விழுவது பெண்ணின் தலையிலேதான். இரண்டு ஆண்டுகளில் தானே மறைந்திருக்கும் ஒரு கிருமிக்காகக் குடும்பத்தில் விழுந்த விரிசல் எத்தனை ஆண்டுகளில் மறையும்?

இங்கிலாந்து நாட்டில் நடந்த ஒன்றைக் கூறினால் இது இன்னும் தெளிவாகும். அங்கும் 20 வயதிலிருந்தே சோதனை செய்து வந்தனர். 2003-இல் அதனை 25 ஆக உயர்த்தினர். அதன் பின்னர் ஜேட் கூடி என்னும் தொலைக்காட்சிப் பிரபலத்துக்கு இந்நோய் வந்தது. இந்தி நடிகை ஷில்பா ஷெட்டியோடு 2007-இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் சண்டையிட்டதால் நம்மவர் பலரும் கேள்விப்பட்ட பெயர்தான் அது. 2008-இல் இந்தியாவில் மற்றொரு நிகழ்ச்சியில் பங்கேற்றிருந்தபோதுதான் தமக்குப் புற்றுநோய் என்ற செய்தி அவரை எட்டியது. 2009 மார்ச் 22-இல், 27 வயதில், இரண்டு சிறு பிள்ளைகளை விட்டு அவர் இறந்தார். நாடே கலங்கிற்று. ஓராண்டுக் காலத்தில் வழக்கத்தைவிட நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட சோதனைகள் அங்குக் கூடுதலாக நடந்தன. வயதை மீண்டும் 20-க்கே இறக்குங்கள் என்ற குரலும் எங்கும் எழுந்தது.

அரசாங்கம் அதனைத் தட்டிக்கழிக்கவில்லை. வல்லுநர் குழுவை அதே ஆண்டில் கூட்டி மறுபடியும் ஆராயச் சொல்லிற்று. சான்றுகளையெல்லாம் பார்த்த பின்னர், வயதை இறக்க வேண்டியதில்லை என்று அக்குழுவினர் ஒருமனதாகக் கூறினர். அதே ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு, 20 முதல் 24 வயதில் செய்யும் சோதனை 30 வயது வரை வரும் புற்றுநோயை ஏறக்குறைய சிறிதும் குறைக்கவில்லை என்று காட்டிற்று. ஆனால் 40 வயதில் செய்யும் சோதனை, அடுத்த ஐந்தாண்டுகளில் நோய் வரும் வாய்ப்பை 100-க்கு 60 பங்கு குறைத்தது. 60 வயதைத் தாண்டியவர்களிடம் அப்பலன் இன்னும் மிகுதி. பின்னாளில் வேல்ஸ், வட அயர்லாந்து, ஸ்காட்லாந்து ஆகியவையும் வயதை 25 ஆக உயர்த்தின.

ஆனால் அக்குழு அத்தோடு நின்றுவிடவில்லை. இளம்பெண்களுக்கு இரத்தப்போக்கு போன்ற அறிகுறி ஏற்பட்டு அவர்கள் மருத்துவரிடம் வந்தால், "உனக்கு வயது போதாது" என்று திருப்பி அனுப்பாமல் உடனே பார்க்க வேண்டும் என மருத்துவர்களுக்கு 2010-இல் வழிகாட்டுதல் வழங்கப்பட்டது. இவ்விடத்தைத்தான் நீங்கள் கூர்ந்து கவனிக்க வேண்டும். சோதனைக்கு வயது உண்டு. அறிகுறிக்கு வயது கிடையாது.

வரிசையாக நின்று, உடம்பில் ஒன்றுமில்லாதபோது செய்துகொள்வது சோதனை. உடம்பில் ஏதோ தெரிகிறது என்று போவது வேறு. கணவனோடு சேர்ந்த பின் இரத்தம் கசிதல், மாதவிலக்குக்கு இடைப்பட்ட நாட்களில் இரத்தம் படுதல், மாதவிலக்கு நின்று ஓராண்டுக்கு மேலான பின் மீண்டும் படுதல், துர்நாற்றத்தோடு நீர் போதல், இடுப்படியில் விடாத வலி. இவற்றில் எது தெரிந்தாலும், வயது 18 ஆனாலும் 68 ஆனாலும், மருத்துவரிடம் போய் "எனக்கு இப்படி இருக்கிறது" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். "சூடு", "பால்வெட்டில் உடம்பு அசதி", "பாரம் தூக்கியதால்" என்று நாமே பெயர் வைத்துக்கொண்டு வெந்தயம் ஊறவைத்துக் குடித்துக் கொண்டிருத்தல் கூடாது. அண்மையில்தான் சோதனை செய்தேன், ஒன்றுமில்லை என்றார்களே என்று சும்மா இருப்பதும் கூடாது. பெரும்பாலும் அது வேறு சிறு கோளாறாகவே இருக்கும். ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் மருத்துவர்.

மகளை அழைத்து வந்த தாயைப் பற்றிச் சொன்னோம் அல்லவா? நாம் அவருக்கு இவற்றை விளக்கி, மகளிடம் தனியே பேசி, அவளுக்கு அறிகுறி ஏதுமில்லை என்று உறுதி செய்துகொண்டோம். பிறகு வழக்கமாகக் கேட்பதைப் போல் தாயிடம், "அம்மா, உங்களுக்கு எப்போது சோதனை செய்தார்கள்?" என்றோம். சிரித்தார். "எனக்கு எதற்கு மிஸி? எல்லாம் முடிந்துபோன உடம்பு" என்றார். வயது 51. மாதவிலக்கு நின்று மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. எழுந்து போகும் தறுவாயில், கதவருகில் நின்று, யாரைப் பற்றியோ சொல்வதைப் போல, "நடுவில் இரண்டு மூன்று முறை கொஞ்சம் பட்டது. சூடுதான்" என்றார்.

அவரை நாம் சோதனைப் பட்டியலில் சேர்க்கவில்லை. அவருக்கு வேண்டியது அதுவன்று. அன்றே கடிதம் எழுதி மருத்துவமனைக்கு அனுப்பினோம். ஒரு நாள் கூலி போய்விடுமே என்று அவர் தயங்கினார். கடைசியில் அந்த மகள்தான், "நான் கூட வருகிறேன் அம்மா" என்று சொல்லி அழைத்துச் சென்றாள். கருப்பை வாயில் நோய் இருந்தது. நல்ல வேளையாக அது அவ்விடத்தை விட்டு வெளியே பரவியிருக்கவில்லை. சிகிச்சை பெற்று வருகிறார். ஓராண்டு கழித்து வந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும். பத்தாண்டுகளுக்கு முன் சோதனை செய்திருந்தால் இந்தக் கதையே இருந்திருக்காது.

2020-ஆம் ஆண்டுக்கான அனைத்துலக மதிப்பீட்டின்படி, அவ்வோர் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் ஏறத்தாழ 1,740 பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் காணப்பட்டது. ஏறத்தாழ 990 பேர் இறந்தனர். ஒரு பெரிய தோட்டத்து மக்கள் அனைவரையும் ஒரே ஆண்டில் இழந்ததற்கு இது சமம்.

வயது வந்த பெண்களைச் சோதித்தால் உண்மையாகவே பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு, நம் முன்னோர் வந்த தமிழ்நாட்டிலிருந்தே ஒரு சான்று கூறலாம். திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில் 2000-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு தொடங்கப்பெற்றது. 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களையே அதற்கு எடுத்துக்கொண்டனர். பெரிய கருவிகள் எவையும் இல்லை. பயிற்சி பெற்ற தாதியர், கருப்பை வாயில் காடி நீரைத் தடவி, வெளுத்த இடம் தோன்றுகிறதா என்று கண்ணால் பார்த்தனர். சமையலுக்குப் பயன்படும் அதே காடிதான். 31,343 பெண்கள் அவ்வாறு சோதிக்கப்பட்டனர். வெளுப்புத் தெரிந்தவர்களுக்கு அங்கேயே சிகிச்சையும் தரப்பட்டது. 2007-இல் முடிவு வெளியானது. சோதனை நடந்த கிராமங்களில், நடக்காத கிராமங்களைக் காட்டிலும் இந்நோய் 100-க்கு 25 பங்கும், இந்நோயால் நேர்ந்த இறப்பு 100-க்கு 35 பங்கும் குறைந்திருந்தன. மிகுந்த பலன் கண்டவர்கள் 30-லிருந்து 39 வயதுக்குட்பட்டவர்கள். வயலில் களையெடுத்துக் கூலி வாங்கும் பெண்கள் வாழும் ஊர்கள் அவை. அவர்களால் வர முடிந்தது.

நீங்கள் வராமலிருப்பதற்குக் கூறும் காரணங்கள் நமக்குத் தெரியாதவை அல்ல. முதற்காரணம் கூச்சம். ஆண் மருத்துவர் முன் எப்படிப் படுப்பது என்கிறீர்கள். இதற்கு இப்போது நல்ல வழி பிறந்துள்ளது. எச்.பி.வி. சோதனைக்கு உரிய மாதிரியை நீங்களே எடுத்துக் கொடுக்கலாம். காது துடைக்கும் பஞ்சுக் குச்சியைப் போன்ற, அதைவிட நீளமான ஒரு குச்சியைத் தருவார்கள். திரைக்குப் பின்னாலோ கழிவறையிலோ சென்று, உள்ளே செலுத்திச் சில முறை சுழற்றி, குழாயில் இட்டு மூடிக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது. யாரும் உங்களைத் தொடுவதில்லை. சரியாகச் செய்தோமா என்று அஞ்ச வேண்டியதும் இல்லை. 2018-இல் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவர்கள் ஆஸ்திரேலிய நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து "ரோஸ்" என்னும் பெயரில் இம்முறையை நம் நாட்டில் முன்னோட்டமாகத் தொடங்கினர். பெண்கள் தாமே மாதிரி எடுக்க, முடிவு அவர்களுடைய கைத்தொலைபேசிக்கு வந்தது. இன்று அரசாங்கச் சுகாதார நிலையங்களிலும் இவ்வாறு தாமே மாதிரி எடுக்கும் முறை நடைமுறையில் உள்ளது.

இரண்டாவது காரணம், "பிள்ளை பெற்று முடித்தாயிற்று, கணவரும் காலமாகிவிட்டார், எனக்கெதற்கு?" என்பது. கிருமி எப்போதோ வந்து தங்கியிருக்கலாம் என்று முன்பே கூறினோம். கணவர் இறந்து பத்தாண்டுகள் ஆகியிருந்தாலும், 65 வயது வரை உங்களுக்குச் சோதனை உண்டு.

மூன்றாவது காரணம், கூலி. இதற்கு நம்மிடம் இனிப்பான விடை இல்லை. ஒரு வேலை நாள் போனால் போனதுதான். ஆனால் ஐந்தாண்டுகளுக்கு ஒரு நாள் என்பதை எண்ணிப் பாருங்கள். மழைக்கு மரம் சீவாமல் போகும் நாட்களில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து போனால் வண்டிச் செலவும் பங்காகும், துணையும் ஆகும். தோட்டங்கள் பல செம்பனையாக மாறிவிட்ட இக்காலத்தில், தோட்டத்து டிரசரே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்ட நாட்கள் போய்விட்டன. நீங்களாக வெளியே வந்தால்தான் உண்டு.

சோதனையில் கிருமி இருப்பதாக வந்தால் அது புற்றுநோய் என்று பொருளன்று. மேலும் பார்க்க வேண்டும் என்றே பொருள். பேப் ஸ்மியர் செய்வார்கள், அல்லது பூதக்கண்ணாடி கொண்டு கருப்பை வாயை நேரே பார்ப்பதற்காகப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். கிள்ளானுக்கோ சுங்கை பூலோவுக்கோ போகச் சொன்னால், தொலைவு என்று கடிதத்தை அலமாரியில் வைத்துவிடாதீர்கள். அக்கடிதத்தைக் கொண்டு செல்லாதவருக்கு, சோதனை செய்யாதவரைக் காட்டிலும் அதிகப் பாதுகாப்பு ஒன்றும் இல்லை.

இனி மகள்களைப் பற்றி. அவர்களுக்கு ஒன்றும் வேண்டாம் என்று நாம் கூறவில்லை. அவர்களுக்கு வேண்டியது தடுப்பூசி. 2010 முதல் நம் அரசாங்கம் 13 வயதுப் பள்ளி மாணவிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசியை இலவசமாகத் தொடங்கிற்று. ஸ்காட்லாந்தில் 2008-இல் இத்தடுப்பூசி தொடங்கியது. அங்கு 12, 13 வயதில் முழுமையாக ஊசி போட்டுக்கொண்ட பெண்களில் ஒருவருக்குக்கூட இப்புற்றுநோய் வரவில்லை என்று 2024-இல் வெளியான ஆய்வு கூறிற்று. தாம்பத்திய வாழ்வு தொடங்குமுன் போட்டால்தான் இவ்வளவு பலன்.

ஆகவே பள்ளியிலிருந்து சம்மதக் கடிதம் வந்தால் கையொப்பமிட்டு அனுப்புங்கள். தாத்தா பாட்டி வீட்டில் வளரும் பிள்ளைகளின் கடிதம் பையிலேயே கிடந்து கசங்கிப் போவதை நாம் பார்த்திருக்கிறோம். கடிதம் விளங்காவிட்டால் ஆசிரியரைக் கேளுங்கள். இடைநிலைப்பள்ளிக்குப் போகாமல் நின்றுவிட்ட பிள்ளையாயின், சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்று என்ன செய்யலாமென்று கேளுங்கள். ஊசி போட்டுக்கொண்ட பெண்ணும் 30 வயது ஆனதும் சோதனைக்கு வரத்தான் வேண்டும். 2010-இல் பள்ளியில் முதன்முதலாக ஊசி பெற்ற மாணவிகள் 1997-இல் பிறந்தவர்கள். அவர்களுக்கும் 30 வயது நெருங்கிவிட்டது. அவர்களுக்கு மூத்தவர்களான உங்களில் பெரும்பாலோருக்கோ பள்ளியில் ஊசி கிடைக்கவில்லை. உங்களுக்கிருப்பது சோதனை ஒன்றே.

ஒரு விதிவிலக்கையும் குறிப்பிட வேண்டும். எச்.ஐ.வி. கிருமி உள்ள பெண்களிடத்தில் இந்நோய் விரைவாக, ஐந்து முதல் பத்து ஆண்டுகளிலேயே முற்றக்கூடும். அவர்களுக்கு 25 வயதிலிருந்தே தொடங்கலாம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கருத்து. சிறுநீரக மாற்றுச் சிகிச்சை போன்றவற்றுக்காக உடலின் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து உண்பவர்களும் தங்கள் மருத்துவரைக் கேட்டு அதன்படி நடக்க வேண்டும்.

சந்திப்பு முடிந்ததும் பெயர் கொடுக்க விரும்புபவர்கள் அடையாள அட்டையோடு மேசைக்கு வாருங்கள். 30 வயது நிறைந்தவர்களின் பெயரை எழுதிக்கொள்வோம். சோதனைக்கு வரும்போது மாதவிலக்கு நாளாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரத்தம் படுதல் முதலிய அறிகுறி உள்ளவர்கள் வரிசையில் நிற்க வேண்டாம். எந்த வயதினராயினும் நேரே நம் தாதியிடம் வாருங்கள். அவர் உங்களோடு தனியே, கதவைச் சாத்திக்கொண்டு பேசுவார். மகளுக்காகக் கேட்க வந்த தாய்மார்கள் முதலில் தங்கள் பெயரை எழுதிவிட்டுப் பிறகு கேளுங்கள்.